மீண்டும் அந்த மேசைக்கு

இரத்தப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்ற ஓர் இளைஞனின் பெற்றோர் நாங்கள். மருந்துகளை வேளை தவறாமல் கொடுப்பது, தொற்று அண்டாமல் காப்பது, வாய்ப்புண் வந்தால் எதை உண்பது என்பவற்றையெல்லாம் மருத்துவர்களும் செவிலியர்களும் எங்களுக்குப் பொறுமையாகக் கற்றுக்கொடுத்தார்கள். கடுமையான மருந்துக் கட்டங்கள் முடிந்து, வீட்டிலிருந்தே மாத்திரை உட்கொள்ளும் கட்டம் தொடங்கியபோது, நாங்கள் எதிர்பாராத கேள்வி ஒன்று எழுந்தது. நோய்க்கு முன்பு அவன் மிகவும் விரும்பிய ஒன்றுக்கு அவன் எப்படித் திரும்புவது? அதில் எங்கள் பங்கு என்ன?

சிலருக்கு அது கச்சேரியாக இருக்கும், சிலருக்குக் கிரிக்கெட், சிலருக்குக் கோவில் திருப்பணி. எங்கள் மகனுக்கு அது மேசையைச் சுற்றி அமர்ந்து விளையாடும் ஒரு கதை விளையாட்டு. அதற்கு அவன் திரும்பிய விதத்தையும், அப்போது நாங்கள் செய்த தவறுகளையும், எங்களைப் போன்ற குடும்பங்களுக்குப் பயன்படலாம் என்ற எண்ணத்தில் எழுதுகிறோம்.

பகடையும் கதையும்

அவ்விளையாட்டின் பெயர் ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’. கல்லூரி நாட்களில் ஞாயிறுதோறும் எங்கள் வீட்டு முன்னறையில் ஐந்து நண்பர்கள் கூடி நான்கைந்து மணி நேரம் அதை ஆடுவார்கள். இது படிப்பைக் கெடுக்கும் வீண்பொழுது என்றே அக்காலத்தில் நாங்கள் நினைத்திருந்தோம். அதன் விவரங்களைக் கேட்டு அறிந்துகொண்டது அவன் நோயுற்ற பிறகுதான்.

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் லேக் ஜெனிவா என்ற சிற்றூரைச் சேர்ந்த கேரி கைகாக்ஸும், மினசோட்டா மாநிலத்தைச் சேர்ந்த டேவ் ஆர்னசனும் சேர்ந்து உருவாக்கிய இவ்விளையாட்டு 1974ஆம் ஆண்டு வெளிவந்தது. ஒரு சிறு பெட்டிக்குள் மூன்று சிறுநூல்கள்; முதலில் அச்சானவை ஆயிரம் பிரதிகள் மட்டுமே. அதற்கு முன்னும் பொம்மைப் படைகளை மேசைமேல் நிறுத்திப் போர் நடத்தும் விளையாட்டுகள் இருந்தன. அவற்றில் ஒருவர் ஒரு படையையே நடத்துவார். புதிய விளையாட்டில் ஒருவர் ஒரே ஒரு மனிதராக மாறினார். அம்மனிதருக்குப் பெயர் உண்டு, வலிமை உண்டு, குறைகள் உண்டு. அவர் காயப்படலாம், இறக்கவும் செய்யலாம்.

ஆடுவோரில் ஒருவர் கதையை நடத்துவார். காட்டையும் குகையையும் ஊரையும் அவர் சொல்லால் விவரிப்பார். மற்றவர்கள் தத்தம் பாத்திரம் என்ன செய்கிறது என்று சொல்வார்கள். செயல் பலிக்குமா என்ற ஐயம் எழும் இடத்தில் பகடை உருட்டப்படும். தாயக்கட்டையையும் சோழியையும் உருட்டி வளர்ந்த எங்களுக்கு இந்தப் பகடைகள் வியப்பளித்தன. நான்கு முகங்கள் கொண்டதிலிருந்து இருபது முகங்கள் கொண்டது வரை ஒரு பைநிறைய இருந்தன. ஒவ்வொருவரும் தம் பாத்திரத்தின் விவரங்களை ஒரு தாளில் எழுதி வைத்திருப்பார்கள். கதை வாரக்கணக்கில், சில குழுக்களில் ஆண்டுக்கணக்கில்கூட நீளும்.

இவ்விளையாட்டின் வரலாற்றில் திரும்பி வருதல் புதிதன்று என்பதையும் அறிந்தோம். 1980களில் சிறுவர்களாக இதை ஆடிய பலர், வேலை, குடும்பம் என்று விலகிப்போனார்கள். இடையில் 1989, 2000, 2008 ஆகிய ஆண்டுகளில் விதிகள் பெரிதும் திருத்தி எழுதப்பட்டன. 2014இல் ஐந்தாம் பதிப்பு வந்தபோது, விலகியிருந்த பலர் நடுத்தர வயதில் மீண்டும் மேசைக்கு வந்தனர். அவர்கள் அறிந்திருந்த விதிகள் மாறியிருந்தன. உடன் ஆடியவர்களும் மாறியிருந்தார்கள். ஏறத்தாழ இதே நிலையில்தான் எங்கள் மகனும் நின்றான்.

முதல் மாலை

நோய் கண்டறியப்பட்டபோது அவனுக்கு இருபத்து நான்கு வயது. 2020ஆம் ஆண்டின் ஊரடங்குக் காலத்தில் நண்பர்கள் ஐவரும் காணொளி வழியாகவே ஆடிப் பழகியிருந்தனர். ஆகவே மருத்துவமனைப் படுக்கையிலிருந்தும் அவ்வாறு சேர்ந்துகொள்ளலாம் என்று அவனை அழைத்தார்கள். அவன் மறுத்துவிட்டான். தலைமுடி இழந்த முகத்தைத் திரையில் காட்ட விரும்பவில்லை என்று பின்னர் சொன்னான். ஈராண்டுகளுக்கும் மேல் அவன் பகடையைத் தொடவில்லை.

வெள்ளணுக்களின் எண்ணிக்கை பாதுகாப்பான அளவுக்கு உயர்ந்து, சிலரோடு கூடி அமரலாம் என்று மருத்துவர் அனுமதித்த பிறகு, நண்பர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தனர். அவன் தன் பழைய தாளை எடுத்து வைத்திருந்தான். அவனுடைய பாத்திரம் ஒரு மந்திரவாதி. ஆனால் அந்தக் கதை அவனில்லாமலேயே முடிந்திருந்தது. மந்திரவாதி ஒரு நகரத்து நூலகத்தில் தங்கிவிட்டதாகச் சொல்லி, மற்ற நால்வரும் பயணத்தைத் தொடர்ந்து முடித்திருந்தார்கள். அவர்கள் வேறென்ன செய்திருக்க முடியும்? அவனும் “சரிதான்” என்று சிரித்தான். எனினும் அச்சிரிப்பு அவன் முகத்தில் நிலைக்காததை நாங்கள் கண்டோம்.

அன்று புதிய கதையில் புதிய மந்திரவாதி ஒருவனை அவன் எடுத்துக்கொண்டான். மந்திரவாதியாக ஆடுபவர் எந்த மந்திரத்தை இன்று ஆயத்தமாக வைத்திருக்கிறோம், எதைப் பயன்படுத்திவிட்டோம் என்பவற்றையெல்லாம் நினைவில் வைத்துக் கணக்கிட வேண்டும். முன்பு அவனுக்கு அது மனப்பாடம். அன்றோ ஒரே பக்கத்தை மும்முறை புரட்டினான். எளிய கூட்டல்களில் தடுமாறினான். சொல்ல வந்த சொல் வாயில் வராமல் நின்றான். சிகிச்சை மருந்துகளில் ஒன்று விரல்நுனிகளில் மரமரப்பை உண்டாக்கியிருந்தது. நான்கு முகப் பகடை கூர்முனையோடு சிறு பிரமிடு போன்றிருக்கும். அதை மேசையிலிருந்து எடுக்க அவனால் இயலவில்லை; இருமுறை அது கீழே விழுந்து உருண்டது. ஒரு மணி நேரம் ஆவதற்குள் எழுந்து உள்ளே போய்ப் படுத்துவிட்டான்.

“இனிமே வேண்டாம்மா” என்றான்.

உண்மையைச் சொல்வதானால், எங்களுக்குச் சற்று நிம்மதியாகக்கூட இருந்தது. கூட்டம் இல்லை, தொற்றுப் பயம் இல்லை, ஏமாற்றமும் இல்லை. ‘உடம்பு தேறட்டும், பிறகு பார்க்கலாம்’ என்று சொல்லிவிட்டோம். நோயாளியின் வீட்டில் இச்சொற்கள் எத்தனை கதவுகளை அடைக்கின்றன என்பதை அப்போது நாங்கள் உணரவில்லை.

களைப்பின் ஆறு படிகள்

அடுத்த முறை மருத்துவமனைக்குச் சென்றபோது, அவனே இதைச் செவிலியரிடம் பேச்சுவாக்கில் சொன்னான். அவர் அதைச் சிறு விஷயமாக எண்ணாமல், மருத்துவரிடம் கூறும்படி சொன்னார். இத்தகைய மருந்துகளுக்குப் பின் கவனமும் நினைவும் மந்தமாவது பலரிடம் காணப்படுவதே என்றும், பெரும்பாலோருக்கு நாளடைவில் சீரடையும் என்றும், சிலருக்கு அதிகக் காலம் பிடிக்கும் என்றும் மருத்துவர் விளக்கினார். செயலைக் குறுகிய பொழுதுகளாகப் பிரிப்பது, நினைவை மட்டும் நம்பாமல் எழுதி வைத்துக்கொள்வது, களைப்பு உச்சத்துக்குப் போகும் முன்பே நிறுத்துவது ஆகியவற்றை அறிவுறுத்தினார். ‘இதை விட்டுவிடு’ என்று அவர் கூறவில்லை.

வீடு திரும்பும் வழியில் மகன் எங்களுக்கு ஒரு விதியைச் சொன்னான். அவ்விளையாட்டில் காயமும் களைப்பும் வெவ்வேறானவை. 1970களின் பிற்பகுதியில் வந்த விதிநூல்களில், ஒரு நாள் ஓய்வெடுத்தால் உயிர்ப்புள்ளிகளில் ஒன்றே ஒன்றுதான் மீளும். ஐந்தாம் பதிப்பிலோ எட்டு மணி நேர நீண்ட ஓய்வு எல்லாக் காயங்களையும் ஆற்றிவிடும். ஆனால் அதே பதிப்பில் களைப்புக்கு ஆறு படிகள் உண்டு. ஆறாம் படி மரணம். ஒரு நீண்ட ஓய்வுக்கு ஒரு படி மட்டுமே இறங்க முடியும். அதுவும் உணவும் நீரும் கிடைத்திருந்தால்தான்.

“களைப்பைப் பத்தி மட்டும் இவங்க சரியா எழுதியிருக்காங்கப்பா” என்றான்.

அன்று முதல் அப்படிக்கணக்கு எங்கள் வீட்டு வழக்காயிற்று. ‘சோர்வாக இருக்கிறதா?’ என்று நாங்கள் கேட்டால், ‘இல்லை’ என்றே எப்போதும் விடை வரும். ‘இன்று எத்தனையாம் படி?’ என்று கேட்டால் ‘மூன்று’ என்றோ ‘இரண்டு’ என்றோ உண்மை வந்தது. நான்கு என்றால் விருந்தினர் வருகையைத் தள்ளிவைப்போம். மருத்துவமனையிலும் சோர்வை எண்ணால் குறிக்கும்படி கேட்கிறார்கள் அல்லவா? அதற்கும் அவனுக்கு விடை எளிதாயிற்று.

மறைப்புக்குப் பின்னால்

நண்பர்கள் மீண்டும் வந்தார்கள். இம்முறை ஆட்டம் ஒன்றரை மணி நேரம் மட்டுமே. நடுவில் கால்மணி இடைவேளை. மந்திரவாதியை விடுத்து, கணக்குகள் குறைந்த போர்வீரன் ஒருவனை மகன் எடுத்துக்கொண்டான். நண்பர்களில் ஒருவர் எண்கள் பெரிதாகப் பொறித்த பெரிய பகடைகளையும், அவை உருண்டு விழாதிருக்க விளிம்பு உயர்ந்த ஒரு தட்டையும் கொண்டுவந்தார். மூன்று வாரங்கள் எல்லாம் இனிதே நடந்தன.

நான்காம் வாரம் அவன் கோபத்தோடு உள்ளே வந்தான். கதை நடத்துபவர் தமக்கு முன்னால் ஒரு மடிப்பு அட்டையை மறைப்பாக நிறுத்தி, அதற்குப் பின்னால் பகடை உருட்டுவது வழக்கம். அரக்கர்களின் தாக்குதல் யார் மீது, எத்தனை வலுவாக விழுகிறது என்பதை அவர் பார்த்துச் சொல்வார். மூன்று வாரங்களாக எங்கள் மகனின் போர்வீரன் மீது ஓர் அடியும் விழவில்லை. முன்வரிசையில் நிற்கும் வீரனை விட்டுவிட்டு, பின்னால் நிற்பவர்களையே அரக்கர்கள் தேடிப்போய்த் தாக்கினார்கள். அன்புடைய நண்பர், விழுந்த எண்ணை மாற்றிச் சொல்லிவந்திருக்கிறார்.

“அடியே படாதுன்னு தெரிஞ்சப்புறம் நான் எதுக்குடா வாளைத் தூக்கணும்?” என்று அவன் அவரிடம் கேட்டிருக்கிறான். நண்பர் சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, அட்டையை மடித்து வைத்தார். அதன்பின் எல்லாப் பகடைகளும் எல்லோர் கண்முன்னும் உருண்டன.

அன்றிரவு உணவின்போது இதை எங்களிடம் சொல்லி, “நீங்களும் அட்டைக்குப் பின்னாடிதான் உருட்டறீங்க” என்றான். நாங்கள் உடனே புரிந்துகொண்டோம். அவனுடைய இரத்தப் பரிசோதனை முடிவுகள் எங்கள் கைப்பேசிக்குத்தான் வரும். நல்ல எண்களை உடனே சொல்வோம். கவலை தரும் எண்களை ‘நார்மல்தான்’ என்று கூறிவிட்டு, நாங்கள் இருவரும் மொட்டைமாடிக்குச் சென்று தணிந்த குரலில் பேசுவோம். ஒருமுறை தட்டணுக்கள் குறைந்திருந்ததை இரண்டு நாள் மறைத்தோம். அதை அவன் அப்போதே அறிந்திருந்தான். நாங்கள் வருந்துவோமே என்று அவனும் அறியாததுபோல் இருந்திருக்கிறான். ஒரே வீட்டில் மூன்று பேரும் ஒருவருக்கொருவர் எண்களை மாற்றிச் சொல்லிக்கொண்டிருந்தோம்.

அவன் இருபத்தாறு வயது நிறைந்தவன். தன் உடலைப் பற்றிய செய்தியை முதலில் அறியும் உரிமை அவனுடையது. மறுநாளே மருத்துவமனைப் பதிவில் அவனுடைய எண்ணைக் கொடுத்தோம். அதன்பின் முடிவுகள் அவனுக்கே வருகின்றன. அவன் படித்துவிட்டு எங்களிடம் தருவான். அவ்வாறு முதன்முதலில் அவன் தந்த அறிக்கையில் எண்கள் நன்றாக இல்லை. மூவரும் ஒரே மேசையில் அமர்ந்து, மருத்துவரிடம் கேட்க வேண்டிய கேள்விகளை ஒரு தாளில் எழுதினோம். மொட்டைமாடிக்கு அன்று நாங்கள் போகவில்லை.

மூன்று தோல்விகள்

ஏறத்தாழ ஒரு மாதம் கழித்து, ஒரு மாலைப்பொழுதில் நாங்கள் சமையலறையில் இருந்தோம். முன்னறையில் திடீரென்று அமைதி நிலவியது. எட்டிப் பார்த்தோம். போர்வீரனின் உயிர்ப்புள்ளிகள் தீர்ந்து, அவன் நினைவிழந்து கிடந்தான். அந்நிலையில் ஒவ்வொரு முறையும் இருபது முகப் பகடையை உருட்ட வேண்டும். பத்தோ அதற்கு மேலோ விழுந்தால் வெற்றி, குறைந்தால் தோல்வி. மூன்று வெற்றிகள் சேர்ந்தால் உயிர் நிலைக்கும். அதற்குமுன் மூன்று தோல்விகள் சேர்ந்தால் மரணம். தோழர்கள் நெருங்கிக் குணப்படுத்தவும் இயலும். ஆனால் அன்று அவர்கள் இடிந்த பாலத்தின் மறுகரையில் இருந்தார்கள்.

முதலில் பதினான்கு விழுந்தது. அடுத்து ஆறு. அடுத்து எட்டு. நான்காம் முறை அவன் பகடையை இரு கைகளாலும் குலுக்கித் தட்டில் விட்டான். மூன்று.

“செத்துட்டேன்!” என்று கத்தினான். மேசை முழுவதும் ஆரவாரம். அவனும் கண்ணில் நீர் வரச் சிரித்தான்.

எங்களால் சிரிக்க இயலவில்லை. அச்சொல்லை அவன் வாயால் கேட்க நேருமோ என்று அஞ்சி எத்தனையோ இரவுகளைக் கழித்தவர்கள் நாங்கள். எங்கள் முகத்தைக் கண்ட அவன் எழுந்து வந்து, “அடுத்த வாரம் வேற ஆள் எடுத்துக்கலாம்மா” என்றான். வாழ்க்கையில் அவ்வசதி இல்லை என்பது அவனுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். ஒருவரும் அதைச் சொல்லவில்லை. அவன் மறுபடி போய் அமர்ந்தான். இறந்த வீரனுக்கு நண்பர்கள் மேசையிலேயே இறுதி மரியாதை செய்து, அவன் வாளை யார் எடுத்துக்கொள்வது என்று சண்டையிட்டார்கள். நாங்கள் எல்லோருக்கும் தோசை வார்த்தோம்.

அன்று அவன் முகத்தில் கண்டது, நோய்க்கு முன் நாங்கள் அறிந்திருந்த அதே முகம். நண்பர்கள் அவனை வெல்லவிடாமல், தோற்கவும் அனுமதித்து, தங்களுள் ஒருவனாக நடத்தியதால் அது திரும்பியது என்று நம்புகிறோம்.

திரும்ப விரும்புவோருக்குச் சில குறிப்புகள்

இவை எங்கள் அனுபவத்தில் பயன்பட்டவை. விளையாட்டுக்கு மட்டுமன்றி, பாட்டு, தையல், கேரம் என எதற்கும் பொருந்தக்கூடியவை.

• முதலில் மருத்துவரிடம் கேளுங்கள். நோயெதிர்ப்பு குறைந்திருக்கும் காலத்தில் எத்தனை பேர் கூடலாம், முகக்கவசம் தேவையா என்பதை அவரே முடிவு செய்ய வேண்டும். சளி, காய்ச்சல் உள்ள நண்பர் அன்று வராதிருக்கட்டும். கூட முடியாத நாட்களில் காணொளி வழி உண்டு.

• பொதுவில் கையாளும் பகடை, காய் முதலியவற்றைச் சோப்பு நீரில் கழுவித் துடைத்து வையுங்கள். வருவோர் அனைவரும் கைகழுவிய பின் அமரட்டும். வெளியில் வாங்கிய நொறுக்குத்தீனிக்குப் பதிலாக வீட்டில் சுடச்சுடச் செய்ததைப் பரிமாறுங்கள்.

• விட்ட இடத்திலிருந்து தொடங்க வேண்டும் என்று எண்ணாதீர்கள். எளியதை எடுத்துக்கொள்ளுங்கள். எங்கள் மகன் மந்திரவாதிக்கு ஏழு மாதங்களுக்குப் பிறகே திரும்பினான்.

• நேரத்தை முன்பே வரையறுத்து, அலாரம் வையுங்கள். நன்றாக இருக்கும்போதே நிறுத்துங்கள்.

• ஒவ்வோர் அமர்வின் முடிவிலும் நடந்ததை நான்கு வரிகளில் எழுதுங்கள். அடுத்த வாரம் அதை உரக்கப் படித்துத் தொடங்கலாம். மறதி அப்போது ஒருவரின் குறையாகத் தெரியாது. எல்லோருக்கும் அது உதவும்.

• விரல் மரத்திருந்தால் பெரிய பகடை, விளிம்புள்ள தட்டு, தடித்த பேனா ஆகியவற்றைப் பயன்படுத்துங்கள். மரமரப்பு கூடினால் மருத்துவரிடம் தெரிவியுங்கள்.

• குடும்பத்தினர் அறைக்குள் அமர்ந்து காவல் காக்க வேண்டாம். உதவி தேவையெனில் அழைக்க ஒரு குறிப்பை முன்பே பேசிக்கொள்ளுங்கள். பிறகு கதவை அவர்களிடம் விட்டுவிடுங்கள்.

இவ்விளையாட்டைப் புதிதாகத் தொடங்க விரும்புவோர்க்கும் பெருஞ்செலவில்லை. இதன் அடிப்படை விதிகளை வெளியீட்டு நிறுவனம் இலவசமாகவே வழங்குகிறது. ஒரு தாள், ஒரு பென்சில், பகடைகள், இரண்டு மூன்று நண்பர்கள் போதும். இருவர் மட்டுமே ஆடுவதும் உண்டு.

எங்கள் மகனின் மாத்திரைக் கட்டம் இவ்வாண்டு நிறைவுற்றது. தொடர்ந்து பரிசோதனைகள் உள்ளன. ஒவ்வொரு முடிவுக்கும் முந்தைய இரவு எங்களுக்கு உறக்கம் குறைவுதான். விரல்நுனி மரமரப்பு பெருமளவு நீங்கிவிட்டது. சொல் தேடி நிற்பது இன்னும் சில வேளைகளில் உண்டு. ஞாயிற்றுக்கிழமைகளில் முன்னறையில் மேசை போடப்படுகிறது. சென்ற மாதம் ஒருவர் வர இயலாதபோது, எங்களில் ஒருவர் அவருடைய இடத்தில் அமர்ந்தோம். விதிகள் பாதி புரியவில்லை. உருட்டிய முதல் பகடையிலேயே எங்கள் பாத்திரம் ஒரு குழியில் விழுந்தது. கயிற்றை இறக்கி எங்களை மேலே தூக்கிவிட்டவன் எங்கள் மகன்.